ஜன்னல் வழியே சீவிய பிடி

என் மாமா செங்கோட்டையன் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு கத்தியைக் கொன்றார். கத்தியால் கொன்றவர்களைப் பற்றிப் பேப்பரில் தினமும் படிக்கிறோம். கத்தியையே கொன்றவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதையும் பக்தியோடு செய்தார்.

அப்போது நான் கோயமுத்தூரில் பொருளாதாரம் மூன்றாம் வருஷம். அரிசித் தட்டுப்பாடு என்று சொல்லி ஹாஸ்டலில் மூன்று வேளையும் கோதுமை உப்புமா போட்டார்கள். ஸ்டிரைக் செய்தோம். கல்லூரியைக் காலவரையறை இல்லாமல் மூடினார்கள். நான் திருப்பூருக்கு வந்து மாமாவின் பனியன் கம்பெனியில் மேனேஜர் ஆனேன். மாமா கத்தும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அதுதான் மேனேஜர் வேலை.

கம்பெனியின் உயிர் இருந்த இடம் முன்வாசலை ஒட்டிய கட்டிங் ரூம். பதினாறு அடி நீளத்துக்குத் தேக்கு மேஜை. அதன் தலைமாட்டில் பதினாலு வருஷமாக நின்றுகொண்டிருந்தவர் கட்டிங் மாஸ்டர் முஸ்தபா. வெள்ளைத் துணியை அறுபது மடிப்பு விரித்து, மேலே தகரத்தில் வெட்டிய பனியன் அச்சை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கத்தியைத் தன் பக்கமாக இழுப்பார். ஒரே இழுப்பு. அறுபது மடிப்பிலும் மேல் துணியும் அடித் துணியும் ஒரு நூல் பிசகாமல் ஒரே அளவாக வரும். மற்ற கம்பெனிகளில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஆறு மடிப்பு வெட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

முழங்கை நீளம் இருக்கும் அந்தக் கத்திக்குத் தோல் பிடி. ரூபாய் அகலத்துக்குத் தோலை வில்லை வில்லையாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கத்தியின் பின்னால் நீளும் வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, வஜ்ஜிரப் பசை போட்டு இறுக்கி, சீவி வழவழப்பாக்கிய பிடி. மரப் பிடி வேர்த்தால் வழுக்கும். தோல் அந்த வேர்வையைக் குடித்துவிட்டுக் கையோடு நிற்கும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலமே கம்பெனியில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். கத்தரிக்கோல், ஸ்பேனர், தராசு, என் பேனா உட்பட. விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. முஸ்தபாவும் வருஷா வருஷம் கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பதின்மூன்று வருஷம் இதனால் சாமிக்கும் கத்திக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை.

அந்த வருஷம் மாமா புதிதாக இரண்டு நிட்டிங் மெஷின் வாங்கியிருந்தார். அதனால் பக்தியும் இரண்டு மெஷின் அளவுக்குக் கூடியிருந்தது. கத்தியைக் கையில் வாங்கியவர் பாம்பைத் தொட்டவர் மாதிரி கீழே வைத்தார்.

"மாப்ளே, இது தோலு. சாமி முன்னால தோல வெக்கறதா?"

"மாமா, மேல ஓடற பெல்ட்டெல்லாமும் தோல்தானுங்க."

உண்மைதான். நிட்டிங் ஹாலின் உத்தரத்துக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஷாப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் எருமைத் தோல் பெல்ட் இறங்கும். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் அப்போதுதான் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"அது மெஷினுக்குச் சேந்தது. மெஷினுக்குத் தீட்டு இல்ல."

இந்தச் சாஸ்திரத்தை மாமா தோல் செருப்பில் நின்றபடி, தோல் வார் போட்ட வாட்ச்சில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் கரைக்கச் சொல்லி, கத்தியைப் பிடி கீழே இருக்கும்படி அதில் இறக்கினார். இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் அது அங்கேயே நின்றது. யாரும் தொடக்கூடாதே.

விஜயதசமி காலையில் எல்லோரும் கூடியிருந்தோம். மாமா கற்பூரம் காட்டி, கத்தியை வெளியே எடுத்தார். பிடி தயிர்வடை மாதிரி ஊதியிருந்தது. வஜ்ஜிரம் கரைந்து தண்ணீரோடு போயிருந்தது. தோல் வில்லைகள் ஒவ்வொன்றாக வாலை விட்டுக் கழன்று சாமி படத்துக்கு முன்னால் 'சொத் சொத்'தென்று விழுந்தன.

முஸ்தபா குனிந்து அவற்றைப் பொறுக்கினார்.

மாமாதான் முதலில் பேசினார். "என்ன முஸ்தபா, இப்படியா கத்தி வெச்சிருப்ப? நல்ல நாளும் அதுவுமா."

இதை நான் காதால் கேட்டேன். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. மதுரைக் கடை ஒன்றுக்கு முன்னூறு டஜன் பனியன் போக வேண்டும். வெட்டினால்தான் தைக்க முடியும். மாமா கட்டிங் ரூம் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"புதன்கிழமைக்குள்ள கத்தி ஓடோணும். ஓடலீனா நான் நல்லானக் கூட்டியாந்துக்கறேன். நீ வேற எடம் பாத்துக்க."

நல்லான் இன்னொரு கம்பெனியில் கத்தரிக்கோல் மாஸ்டர். தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டுப் போகிற கட்டிங் மாஸ்டரைப் பொங்கல் வரை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். இது முஸ்தபாவுக்குத் தெரியும். மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"சரிங்க மொதலாளி" என்றார் முஸ்தபா. "நாளைக்கே தோலுக்குச் சொல்லீர்றனுங்க."

"தோலு இனி இந்தக் கம்பெனிக்குள்ள வராது."

மாமாவிடம் மாற்று யோசனை இருந்தது. அனுப்பர்பாளையத்தில் அவருக்குத் தெரிந்த பாத்திரப் பட்டறை. அங்கே கத்தியைக் கொடுத்துப் பித்தளையில் பிடி வார்த்து வாங்கி வந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. நுனியில் ஒரு தாமரை மொட்டுக்கூட இருந்தது. எடைதான் சின்னக் குழந்தை அளவு.

சனிக்கிழமை காலை முஸ்தபா அதைப் பிடித்து வெட்டினார். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை வேர்த்தது. பித்தளையும் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஊறுகாயைப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்த எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். கை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. அந்தக் கை பட்ட இடமெல்லாம் வெள்ளைத் துணியில் முத்திரை. நாற்பது பனியன் நெஞ்சில் பச்சை விரல்களோடு கிடந்தது.

மாமா துணியைத் தூக்கிப் பார்த்தார். முஸ்தபாவின் கையைப் பார்த்தார். தாமரை மொட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"உன் வேர்வை சரியில்ல முஸ்தபா."

தோற்றது பிடி, குற்றம் வேர்வைக்கு. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிடியை எடுத்து அண்டாவில் போடலாமா என்றிருந்தது. முஸ்தபா கையைக் கோணிச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"வேர்வைய மாத்திக்க முடியாதுங்க மொதலாளி. பிடியத்தான் மாத்தோணும்."

நெஞ்சில் பச்சை விரலோடு மதுரைக்குப் பனியன் அனுப்ப முடியாது என்பது மாமாவுக்கும் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். தோலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முஸ்தபாவும் நானும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போனோம். அங்கே ரோட்டோரம் கன்னையன் உட்கார்ந்திருப்பார். முப்பது முப்பத்திரண்டு வயது. செருப்புத் தைப்பார், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக்குத் தோல் சால் தைப்பார், ஊரில் பாதிக் கம்பெனிகளுக்கு பெல்ட் இணைப்பார். எங்கள் கம்பெனியில் பெல்ட் அறுந்தால் கழற்றி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போடுவோம். கன்னையன் அங்கே வந்து தைத்துக் கொடுப்பார். பெல்ட் உள்ளே போகும். அவர் அங்கிருந்தே திரும்பிவிடுவார். அவர் தைத்த தோல் எட்டு மெஷினுக்கும் மேலே தினமும் பத்து மணி நேரம் சுற்றியது. அவர் கால் ஒரு நாளும் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை.

தாமரை மொட்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க மாஸ்டரு இது, கத்திக்குக் கலியாணமா?"

முஸ்தபா சிரித்தார். ஆயுத பூஜைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "முகூர்த்தம் சரியில்லீங்க கன்னையா. அத்து உட்டுருங்க."

கன்னையன் பித்தளைப் பிடியை அரத்தால் அறுத்துக் கழற்றினார். எருமைத் தோலில் முதுகுப் பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்தார். வயிற்றுத் தோல் அமுங்கிவிடுமாம், முதுகுத் தோல்தான் நிற்குமாம். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி வில்லைகள் போட்டார். ஒவ்வொன்றின் நடுவிலும் வால் நுழைகிற அளவுக்கு, அதைவிட ஒரு நூல் குறைவாகத் துளை. முப்பத்து நாலு வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் வஜ்ஜிரம் தடவி வாலில் இறக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டி, ஆப்பு அடித்து இறுக்கினார். நுனியில் மொட்டு இல்லாத சாதாரணப் பித்தளை வில்லை ஒன்றைப் போட்டு வாலை மடக்கி அடித்தார்.

"செவ்வாக்கெழமை எறுகியிருக்கும். அப்பறம் சீவோணும். கையக் காட்டுங்க."

முஸ்தபா கையை நீட்டினார். கன்னையன் தொடாமல் குனிந்து பார்த்தார். காய்ப்பு எங்கெங்கே என்று கண்ணாலேயே அளந்தார்.

"இத்தனை தெரிஞ்சாப் போதுமுங்களா?" என்று கேட்டேன்.

"போதாதுங்க சாமி. சும்மா இருக்கற கை வேற, வேலை செய்யற கை வேற. அறுபது மடிப்புத் துணிய இழுக்கறப்ப கை எங்க அழுத்துது, எங்க உடுதுன்னு பாக்கோணும். பாத்துப் பாத்துத்தான் சீவோணும். மேஜைக்குப் பக்கத்துல நிக்கோணுமுங்க."

என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்னைச் சாமி என்றார். எங்கள் பக்கத்து மரியாதை உலகப் பிரசித்தம். தபால்காரருக்கு 'ங்க', பிச்சைக்காரருக்கு 'ங்க', தெருவில் போகிற பசுமாட்டைக்கூட 'அக்கட்டால போங்க' என்று சொல்லுகிற ஊர். மாமா மாதிரி ஆட்களின் வாயிலிருந்து அந்த 'ங்க' ரயில்வே கேட்டைத் தாண்டி கன்னையனிடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

மாமாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். கன்னையன் கட்டிங் ரூமுக்குள் வர வேண்டும். அரை மணி நேரம் போதும்.

மாமா என்னைக் கெட்ட வார்த்தை சொன்ன சின்னப் பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"சாமி படம் இருக்குது மாப்ளே."

"கட்டிங் ரூம்ல காலண்டர்தானுங்க இருக்குது."

"காலண்டர்ல சாமிதான இருக்குது."

"தீபாவளி வருதுங்க மாமா. மதுரைக்காரன் கேப்பான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த யோசனைதான் அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே பெரிய கண்டுபிடிப்பு. கட்டிங் ரூமின் தென்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு, அதற்கு அந்தப் பக்கம் சந்து. கன்னையன் சந்தில் நிற்கட்டும். முஸ்தபா உள்ளே வெட்டட்டும். மேனேஜர் கத்தியைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்து வாங்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு இந்த ஏற்பாடு அமுலுக்கு வந்தது. சந்தில் சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடை. அதன் இந்தக் கரையில் ஒரு கருங்கல். வெயிலில் அந்தக் கல்மேல் கன்னையன் நின்றார். கையில் அரமும் உடைந்த கண்ணாடிச் சில்லும். ஜன்னல் உயரம், கம்பி வேறு. கல்மேல் ஏறியும் அவருக்கு முஸ்தபாவின் தலை தெரிந்தது, தொப்பி தெரிந்தது. கை தெரியவில்லை.

முஸ்தபா வெட்டினார். நான் கத்தியை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கன்னையன் எடுத்துப் பிடியின் முன்பக்கத்தில் கொஞ்சம் சீவி, திரும்ப வைத்தார். நான் கொண்டுவந்தேன். முஸ்தபா இழுத்தார். பாதித் துணியில் கத்தி திரும்பிக்கொண்டது. அடியில் இருந்த இருபது மடிப்பு கோணலாகப் போனது.

"எப்புடி இருக்குதுங்க?" என்று வெளியிலிருந்து குரல்.

"முன்னால மெலிசாயிருச்சுங்க. கட்டவெரலு நிக்க மாட்டீங்குது."

"வெரலு மேல இருக்குதுங்களா, பக்கத்துல இருக்குதுங்களா?"

முஸ்தபா கையைப் பார்த்தார். "தெரீலீங்க கன்னையா. பாத்தா மாறிப் போவுது."

அதுவும் வாஸ்தவம். பதினாலு வருஷம் செய்கிற வேலையை எப்படிச் செய்கிறோம் என்று பார்க்கப் போனால் கை கூச்சப்படும்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி வழி சொன்னார். "ஏன் மாப்ளே, காலேஜ் படிக்கறீல்ல? அவன் கைய நீ பாத்து இவனுக்குச் சொல்லேன்."

நான் பார்த்துச் சொன்னேன். "வலது உள்ளங்கை பிடியின் மையப் பகுதியில் அழுத்தம் தருகிறது" என்று ஜன்னல் வழியாக அறிவித்தேன். பரீட்சையில் எழுதியிருந்தால் ஐந்து மார்க் கிடைத்திருக்கும். கன்னையன் நான் சொன்ன இடத்தில் சீவினார். அடுத்த இழுப்பில் கத்தி முஸ்தபாவின் கையை விட்டு நழுவி மேஜையில் குத்தி நின்றது. அவர் சுண்டுவிரல் ஓரத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. துணியில் படாமல் சட்டென்று கையைத் தூக்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனபோது என் கோபம் உச்சியில் இருந்தது. கம்பி வழியாகக் கன்னையனிடம் சொன்னேன்:

"இது அக்கிரமமுங்க. உங்கள சாக்கடையோரம் நிறுத்திட்டு இங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கறாங்க. அசிங்கம்."

கன்னையன் கண்ணாடிச் சில்லால் பிடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"சாமி நல்லாத்தான் பேசறீங்க. மூணு வாட்டி கத்தி கொண்டாந்தீங்க. மூணு வாட்டியும் என் கைல குடுக்காம ஜன்னல் திண்டு மேலதான வெச்சீங்க?"

நான் திண்டைப் பார்த்தேன். கத்தியை அங்கேதான் வைத்திருந்தேன். அவரும் சீவி முடித்துத் திரும்ப அங்கேயேதான் வைத்திருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்திருந்தது. சமத்துவம் என்ற தலைப்பில் நான்கு பக்கக் கட்டுரை எழுதி இரண்டாம் பரிசு வாங்கிய கை.

அவர் சீவி முடித்துக் கத்தியைத் திண்டில் வைக்கப் போனார். நான் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். ஒரு வினாடி பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

அந்தத் தடவையும் பிடி சரியாக வரவில்லை. என் கையில் கொடுத்துவிட்டதால் மட்டும் சரியாகிவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கன்னையன் அரத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"மாஸ்டரு, மன்னிச்சுக்கோங்க. இது சொல்லிக் கேட்டுச் செய்யற வேலை இல்லீங்க. இன்னும் சீவுனா வாலு தெரிஞ்சுரும். நான் போறனுங்க."

மாமா எழுந்தார். "டேய் கன்னையா, பாதில போனா எப்படிடா? நாளைக்குப் பொழுதோட கெடு."

"கெடு எனக்கு இல்லீங்களே சாமி. மாஸ்டருக்குத்தான."

எல்லோரும் முஸ்தபாவைப் பார்த்தார்கள். அவர் விரலில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்துப் பல்லால் முடிச்சை இறுக்கினார். தகர அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேஜையின் நடுவில் வைத்தார். கத்தியை எடுத்து ஒரு பனியன் துணியில் சுற்றினார். துணி கம்பெனியுடையது என்று நினைவு வந்தது போலிருக்கிறது. அதை அவிழ்த்து வைத்துவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டில் சுற்றினார்.

"நல்லானக் கூப்பிட்டுக்கோங்க மொதலாளி."

"என்ன?"

"கன்னையன் ஜன்னல்லயே நிக்கட்டும். நான் வாசல்லயே நின்னுக்கறேன். அவரு என் கையப் பாக்காம இந்தப் பிடி வராது. பிடி வராம நான் வெட்ட மாட்டேன். வெட்டுனா என் வெரலும் போவும், உங்க துணியும் போவும்."

சொல்லிவிட்டு நடந்தார். பதினாலு வருஷ மேஜை. வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டும். பொங்கல் வரை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. இது எல்லாம் அந்த நடையில் தெரிந்தது. அவர் வேகமாகப் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே போனார். அதற்காக நான் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். மேனேஜர் வேலை செய்ய எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

"நல்லான் ஆறு மடிப்பு வெட்டுவாருங்க மாமா. முஸ்தபா வெட்டறது அறுபது. முன்னூறு டஜனும் நல்லான் வெட்டி முடிக்கறப்ப கார்த்திகை தீபம் வந்துரும். மதுரைல அப்ப பனியன் வாங்குவாங்களான்னு தெரீலீங்க. குளுருக்கு வாங்கலாம்."

மாமா முகம் பித்தளைக் களிம்பு நிறத்துக்கு வந்தது. அறையில் இரண்டு நடை நடந்தார். பிறகு காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் இப்படித் திரும்பிக்கறேன். அவன வந்துட்டுப் போகச் சொல்லு. நான் பாக்கல. பாக்காதது எனக்குத் தெரியாது."

ஒரு மனுஷன் வேலை செய்ய உள்ளே வருவதற்கு இன்னொரு மனுஷன் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இதைச் சலுகை என்று நினைத்துச் சொன்னார். நான் கேட்டுக்குப் போய், வேப்பமரத்தடியில் முஸ்தபாவோடு நின்றிருந்த கன்னையனிடம் வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னேன். கன்னையன் கேட்டுவிட்டு, வாசற்படி வரை வந்து, அதற்கு வெளியிலேயே நின்றார்.

"சாமி."

மாமா திரும்பவில்லை. "ம்."

"திரும்பிக்கிட்டா எப்படீங்க? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு காணாமப் போனா, கன்னையன் திருட்டுத்தனமா உள்ள வந்தாம்பாங்க. பாத்துட்டே கூப்பிடுங்க. இல்லீனா வல்லீங்க."

நிட்டிங் ஹாலில் யாரோ மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று கேட்க மாமாவுக்குத் தோன்றவில்லை. அவர் மெதுவாகத் திரும்பினார். வாசலில் கன்னையன், அவருக்குப் பின்னால் துண்டில் சுற்றிய கத்தியோடு முஸ்தபா.

"வா."

கன்னையன் நிற்கிற இடத்திலேயே நின்றார்.

"உள்ள வா கன்னையா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முஸ்தபாவும் வந்தார். மேஜையின் தலைமாட்டில் முஸ்தபா நின்றார், அவர் வலது தோளுக்குப் பக்கத்தில் கன்னையன்.

"வெட்டுங்க மாஸ்டரு. நான் இருக்கறத நெனைக்காதீங்க."

முஸ்தபா அச்சை வைத்து அழுத்தி, கத்தியை இழுத்தார். பாதியில் அது திரும்பியது. கன்னையன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அட! நீங்க உள்ளங்கைல பிடிக்கறதே இல்லீங்களே. கடைசி ரெண்டு வெரலுதான் இழுக்குது. கட்டவெரலு மேல சும்மா படுத்திருக்குது. நான் முன்னால முன்னாலன்னு சீவிட்டுக் கெடந்திருக்கறேன். பின்னாலதான சீவோணும்!"

"இத்தனை வருசமா அப்படியா புடிச்சேன்?" என்றார் முஸ்தபா, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

கன்னையன் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்று பிடியின் பின்பக்கத்தைச் சுரண்டினார். முன்பக்கம் மெலிந்துபோன இடத்தில் மெல்லிய தோல் வாரைச் சுற்றி ஒட்டினார். தேன்மெழுகைத் தேய்த்துத் தன் உள்ளங்கைச் சூட்டில் உருட்டினார். கால் மணி நேரம். கத்தியை முஸ்தபாவின் கையில் கொடுத்தார்.

முஸ்தபா இழுத்தார். தோள் பக்கம் தொடங்கி அக்குள் வளைவு போய் இடுப்பு வரை. ஒரே இழுப்பு. மேல் மடிப்பையும் அடி மடிப்பையும் எடுத்துச் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

மாமாவும் வந்து பார்த்தார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை இந்தக் கதையை எழுத வைத்தது. கன்னையனைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊர்த் தலைவர் மாதிரிச் சொன்னார்:

"பாத்தியா? நம்ம கம்பெனில அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் பாக்கறதே இல்ல."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாக்கடையோரக் கல் இன்னும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னையன் ரொம்பப் பணிவாக,

"அப்படீங்களா சாமி? அப்பச் சரிங்க. நாளைக்கும் வர்றனுங்க" என்றார்.

"நாளைக்கு எதுக்கு?"

"பச்சை வஜ்ஜிரமாச்சுங்களே. காயக் காயத் தோலு சுருங்கும், வில்லை எளகும். ஒரு வாரம் தெனமும் வந்து கையப் பாத்துத் தட்டிக் குடுக்கோணும். இல்லீனா தீபாவளிக்கு முன்னால மறுக்காக் கழண்டுரும்."

மாமா முஸ்தபாவைப் பார்த்தார். முஸ்தபா அடுத்த அச்சை வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஒரு வாரம் பத்தாதுங்க மொதலாளி. பத்து நாளு ஆகும்."

பத்து நாளும் கன்னையன் வந்தார். முன்வாசல் வழியாக, காலை பத்து மணிக்கு, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது. மேஜைக்குப் பக்கத்தில் நின்று முஸ்தபா வெட்டுவதைப் பார்ப்பார். கத்தியை வாங்கிப் பிடியைக் காதருகில் வைத்துத் தட்டிக் கேட்பார். முகத்தைச் சுளித்து ஒரு வில்லையை விரலால் அமுக்குவார். முன்னூறு டஜனும் வெட்டி முடிந்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வந்தார். முஸ்தபா மேஜையில் நின்றுகொண்டுதான் இருந்தார். நல்லானைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

எட்டாவது நாள் நான் கத்தியை எடுத்துப் பிடியை முறுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. முஸ்தபாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எப்பங்க எறுகுச்சு இது?"

"அன்னிக்கே எறுகிருச்சு தம்பி. செவ்வாக்கெழமையே."

பத்தாவது நாள் மாமா கன்னையனை நேரே கேட்டார். "இன்னைக்கோட முடிஞ்சுதா?"

கன்னையன் கத்தியை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடி, பிடியை நுனியிலிருந்து அடி வரை பார்த்தார். முஸ்தபாவும் எட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள்.

"இன்னும் உள்ளுக்குள்ள ஈரம் இருக்குதுங்க சாமி" என்றார் கன்னையன்.